சிஎச்ஓன் போட்ட பிறகு ஃபைல் திறக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. அந்த 61 நாளும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்து ஐஸ் பிளான்டுகளிலும் மீன் கம்பெனிகளிலும் ஆபீஸ் வேலை குறைவு. பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதில் லினக்ஸ் ஏற்றி, டேட்டாவை மாற்றுவதற்கு அந்த நேரத்தைத்தான் வைத்துக்கொள்வார்கள். விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதும் எனக்குப் போன் வரத் தொடங்கும். "அண்ணே, ஃபைல் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, திறக்கத்தான் மாட்டேங்குது." விசாரித்தால் பெரும்பாலும் ஒரே நடப்பு. யாரோ சிஎச்ஓன் (ஃபைலின் ஓனரை, அதாவது உரிமையாளரை மாற்றும் கட்டளை) போட்டு மொத்த ஃபோல்டருக்கும் ஓனரை மாற்றியிருப்பார். சரிவரவில்லை என்றதும் அதன்மேல் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போட்டிருப்பார்.

ஓனரை மாற்றினால் பெர்மிஷனும் கூடவே மாறும். சில பிட்டுகளை (அனுமதிக் குறிகளை) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே சொல்லாமல் எடுத்துவிடும். சில பெர்மிஷன்கள் எழுத்தில் அப்படியே இருக்கும், ஆனால் வேறு ஆளுக்குப் பொருந்தத் தொடங்கிவிடும். கீழே உள்ள எல்லாக் கோளாறும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது. இல்லையென்றால், ஓனரே மாறாத இடத்தில் மாறிவிட்டதாக நம்புவதிலிருந்து.

கட்டளைகளைப் போனில் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். "பெரிய ஆர்" என்றால் கேப்பிடல் எழுத்து.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

இப்போது இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள். கெட்-எஃப்ஏசிஎல் கட்டளையை மைனஸ் பெரிய ஆர், மைனஸ் பி சேர்த்து அந்த ஃபோல்டரின்மேல் ஓட்டி, வெளியீட்டை வேறு டிஸ்க்கில் ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். ஓனர், குரூப், பெர்மிஷன், எஸ் பிட்டுகள் (ஓட்டுபவர் யாரானாலும் ஃபைலின் ஓனர் அல்லது குரூப் பெயரில் புரோகிராமை ஓடவைக்கும் செட்-யுஐடி, செட்-ஜிஐடி குறிகள்) எல்லாம் அதில் வந்துவிடும். எதையாவது கெடுத்துவிட்டால், ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகியாக) இருந்து செட்-எஃப்ஏசிஎல்லுக்கு மைனஸ் மைனஸ் ரெஸ்டோர் கொடுத்து அந்த ஃபைலைக் காட்டினால் பழைய நிலை திரும்பும். கேப்பபிலிட்டி (ரூட்டின் அதிகாரத்தில் ஒரு பங்கை மட்டும் புரோகிராமுக்குக் கொடுக்கும் குறி) மட்டும் அதில் சேராது. அதற்கு கெட்கேப் மைனஸ் ஆர் தனியாக ஓட்டிச் சேமிக்க வேண்டும். கெட்டுப்போன பிறகு எடுத்த பதிவுக்கும் பயன் உண்டு. அடுத்து நீங்கள் செய்யப்போகும் மாற்றத்தை அதை வைத்துத் திருப்பிவிடலாம்.

பிறகு இரண்டு பார்வை. எல்எஸ் மைனஸ் எல்என் போட்டு, பெயருக்குப் பதிலாக எண்ணில் ஓனரைப் பாருங்கள். ஃபைண்ட்எம்என்டி மைனஸ் பெரிய டி போட்டு, அந்த ஃபோல்டர் எந்த ஃபைல்சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) இருக்கிறது, எழுத அனுமதியுடன் மவுன்ட் ஆகியிருக்கிறதா (இயந்திரத்தோடு இணைந்திருக்கிறதா) என்று பாருங்கள். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று மறுக்கிறது

*ரூட்டாக இல்லாதபோது.* லினக்ஸில் சாதாரண யூசர் தன் ஃபைலைக்கூட இன்னொருவர் பெயருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. தான் உறுப்பினராக உள்ள குரூப்புக்கு மட்டும் தன் ஃபைலின் குரூப்பை மாற்றலாம். ஐடி என்று தட்டிப் பாருங்கள். குரூப்பில் இப்போதுதான் சேர்த்தீர்கள் என்றால் லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்குப் புதிய குரூப் தெரியாது.

*ரூட்டாக இருந்தும் மறுத்தால், முதலில் டிஸ்க் வகை.* படகு ஜிபிஎஸ் கருவியிலிருந்து கழற்றி வரும் எஸ்டி கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அந்த ஃபைல்சிஸ்டங்களில் ஓனர் என்று எழுதிவைக்க இடமே கிடையாது. எல்எஸ் காட்டும் ஓனர், மவுன்ட் செய்யும்போது கர்னல் ஒட்டிவைத்த பெயர். மவுன்ட் ஆப்ஷனில் யுஐடி (ஓனர் எண்), ஜிஐடி (குரூப் எண்), எஃப்மாஸ்க், டிமாஸ்க் (ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் குறைக்க வேண்டிய அனுமதிகள்) கொடுத்து மறுபடி மவுன்ட் செய்வதுதான் வழி. வழிப்பாதை ஃபைல்களை சர்வருக்குக் கொண்டுவந்து அங்கே ஓனரை மாற்றினால் இன்னும் நல்லது. வீஃபேட்டில் (ஃபேட்32-ஐ லினக்ஸ் அழைக்கும் பெயர்) "குவயட்" என்றொரு ஆப்ஷன் உண்டு. அது போட்டிருந்தால் சிஎச்ஓன் பிழையே சொல்லாது, ஓனரும் மாறியிருக்காது. சர்வரிலிருந்து பென்டிரைவுக்கு ஆர்சிங்க் (நகலெடுக்கும் கட்டளை) மைனஸ் ஏ ஓட்டினாலும் ஓனர் பிழைகள் வரிசையாக வரும். அங்கே மைனஸ் ஆர்டி போதும்.

*ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டம்) தான், ஆனாலும் மறுக்கிறது என்றால்* எல்எஸ்-ஏடிடிஆர் ஓட்டுங்கள். ஐ என்ற எழுத்து தெரிந்தால் ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது. ரூட்டாலும் தொட முடியாது. சிஎச்-ஏடிடிஆர் மைனஸ் ஐ எடுத்துவிடும். ஆனால் அந்தப் பூட்டு தானாக விழுவதில்லை. போட்டவர் யார், எதற்குப் போட்டார் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

*நெட்வொர்க் டிஸ்க், என்எஃப்எஸ் என்றால்* சர்வர் உங்கள் ரூட்டை நோபடி (எந்த அதிகாரமும் இல்லாத யூசர்) ஆக்கிவிடுகிறது. ரூட்-ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு அது. சர்வர் இயந்திரத்தில் உட்கார்ந்து சிஎச்ஓன் போடுங்கள். அந்தப் பாதுகாப்பையே கழற்றிவிட்டால், அந்த நெட்வொர்க்கில் ரூட் கிடைத்த எவரும் உங்கள் டிஸ்க்கிலும் ரூட் ஆகிவிடுவார்.

*கன்டெய்னருக்குள் (இயந்திரத்துக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலுக்குள்) "இன்வேலிட் ஆர்கியுமென்ட்" என்றால்* நீங்கள் கொடுத்த எண் அந்தக் கன்டெய்னரின் யூசர் வரம்பில் இல்லை. எட்சி ஃபோல்டரில் சப்-யுஐடி, சப்-ஜிஐடி ஃபைல்களைப் பாருங்கள்.

அறிகுறி: "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்கிறது

இங்கே நிறுத்துங்கள். பெர்மிஷன் கோளாறு மாதிரி தெரிந்தாலும் நம் கடற்கரையில் இது பெரும்பாலும் இரும்புக் கோளாறு, அதாவது ஹார்டுவேர் கோளாறு. டிஸ்க்கில் எழுதும்போது பிழை வந்தால் ஈஎக்ஸ்டி4 தன்னைத்தானே வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ளும்படி பல இயந்திரங்களில் அமைத்திருக்கும். டி-எம்இஎஸ்ஜி (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) போட்டு "ஐ-ஓ எரர்" வரிகள் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் இயந்திரத்தை அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டுங்கள். ஜன்னல் கடலைப் பார்த்த அறைகளில் அந்தத் தகட்டு வரிசையில் பச்சை பூத்திருக்கும். ஒரு நண்டு கம்பெனியில் சிஎச்ஓன் வேலை செய்யவில்லை என்று அழைத்தார்கள். கேபிளை மாற்றியதோடு வேலை முடிந்தது. கூடவே மின்வெட்டும் ஒரு காரணம். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய், எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நின்றிருக்கும்.

கேபிள் நன்றாக இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ ஓட்டி, ரீஅலோகேட்டட், பென்டிங் என்ற இரண்டு வரிகளை (டிஸ்க்கில் பழுதான இடங்களின் எண்ணிக்கை) நன்றாகப் பாருங்கள். பூஜ்யமாக இல்லையென்றால் முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். எடுத்து முடிக்காமல் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்ட வேண்டாம். எழுதும் அனுமதியோடு வலுக்கட்டாயமாக ரீ-மவுன்ட் செய்து சிஎச்ஓன் மைனஸ் பெரிய ஆர் போடவே வேண்டாம். லட்சம் ஃபைல் இருந்தால் லட்சம் ஐநோடிலும் (ஒவ்வொரு ஃபைலின் ஓனர், அனுமதி விவரம் இருக்கும் பதிவு) எழுதும் கட்டளை அது. சாகக் கிடக்கும் டிஸ்க் அதைத் தாங்காது. ஏலக்கணக்கும் படகு முதலாளிகளின் பாக்கியும் வேறெங்கும் நகல் இல்லாமல் அந்த டிஸ்க்கில் மட்டும் இருந்தால், டேட்டா மீட்பவரிடம் கொடுக்கும்வரை இயந்திரத்தை அணைத்தே வையுங்கள்.

அறிகுறி: ஓனர் சரியாக மாறிவிட்டது, ஆனால் புரோகிராம் ஓடவில்லை

எல்எஸ் மைனஸ் எல் வரியில் எக்ஸ் (ஓட்டும் அனுமதி) இருக்கும் இடத்தில் முன்பு எஸ் இருந்ததா? எக்ஸ் உள்ள, அதாவது ஓட்டக்கூடிய ஃபைலின் ஓனரையோ குரூப்பையோ மாற்றினால், செட்-யுஐடி, செட்-ஜிஐடி பிட்டுகளைக் கர்னல் அழித்துவிடும். ரூட் மாற்றினாலும் அப்படித்தான், லினக்ஸ் 2.2.13-லிருந்து ரூட்டுக்கும் விலக்கு இல்லை. ஃபைல் கேப்பபிலிட்டிகளும் அதோடு போய்விடும். எஸ் பிட் போனால் எல்எஸ்ஸிலாவது தெரியும், கேப்பபிலிட்டி போனதை அது காட்டாது. 80 அல்லது 443-ஆம் போர்ட்டில் நிற்கும் பில்லிங் புரோகிராமுக்கு முன்பு யாரோ செட்கேப் (கேப்பபிலிட்டி கொடுக்கும் கட்டளை) போட்டிருப்பார். சிஎச்ஓனுக்குப் பிறகு "பெர்மிஷன் டினைட்" என்று போர்ட்டைத் திறக்க மறுக்கும். ஃபைல் பெர்மிஷனில் நாள் முழுக்கத் தேடினாலும் காரணம் அகப்படாது. கெட்கேப் ஓட்டுங்கள், வெறுமையாக வந்தால் அதுதான்.

வரிசை இது: முதலில் சிஎச்ஓன், அடுத்து சிஎச்மாட் (பெர்மிஷனை மாற்றும் கட்டளை), கடைசியில் செட்கேப். உங்கள் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் சிஎச்மாட் முன்னாலும் சிஎச்ஓன் பின்னாலும் இருந்தால் இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் திரும்பி வரும் கோளாறு பல நேரம் இந்த இரண்டு வரிகள்தான்.

சூடோவே (ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டித் தரும் புரோகிராம்) ஓட மறுத்து, யுஐடி 0 ஓனராகவும் செட்-யுஐடி பிட்டுடனும் இருக்க வேண்டும் என்று சொன்னால், யாரோ யுஎஸ்ஆர் ஃபோல்டரின்மேலேயே சிஎச்ஓன் மைனஸ் பெரிய ஆர் ஓட்டிவிட்டார்கள். ரூட் பாஸ்வேர்டோ ரெக்கவரி மோடோ வழியாக உள்ளே போய் சூடோவை ரூட்டுக்கு மாற்றி, பிறகு 4755 போட்டால் அது மட்டும் உயிர்பெறும். யுஎஸ்ஆர், எட்சி, வார் முழுவதும் ஓனர் மாறியிருந்தால் ஒவ்வொன்றாகத் துரத்தாதீர்கள். டேட்டாவை எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது மலிவு.

அறிகுறி: ஓனர் சரி, பெர்மிஷன் சரி, ஆனாலும் "பெர்மிஷன் டினைட்"

எளிதிலிருந்து போகலாம். நேம்-ஐ மைனஸ் எல் கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுங்கள். மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் (ஃபோல்டருக்கு அது உள்ளே நுழையும் அனுமதி) இல்லாமல் இருக்கும். ஹோம் ஃபோல்டர் 700-இல் இருக்க, அதற்குள் உள்ள ஃபோல்டரைப் பொதுவாக்கியிருப்பார்கள்.

அடுத்து, பெர்மிஷன் வரியின் கடைசியில் ஒரு பிளஸ் குறி தெரிகிறதா? அப்படியென்றால் ஏசிஎல் (பெயர் சொல்லித் தனித்தனியாகக் கொடுக்கும் அனுமதிப் பட்டியல்) இருக்கிறது. நடுவில் தெரியும் மூன்று எழுத்து குரூப் பெர்மிஷனைக் காட்டுவதில்லை, மாஸ்க்கை (அந்த அனுமதிகளின் உச்ச வரம்பை) காட்டுகிறது. கெட்-எஃப்ஏசிஎல் வெளியீட்டில் "எஃபெக்டிவ்" என்று பக்கத்தில் எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். யாரோ சிஎச்மாட் போட்டு மாஸ்க்கைச் சுருக்கியிருப்பார். செட்-எஃப்ஏசிஎல்லில் மாஸ்க்கை விரித்தால் போதும். இன்னொன்று: ஓனரை மாற்றினாலும் ஏசிஎல்லில் பெயர் சொல்லிக் கொடுத்த அனுமதிகள் அப்படியே இருக்கும். வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையின் ஃபோல்டரைப் புதியவருக்கு மாற்றும்போது பழைய பெயர்களையும் பாருங்கள்.

ஃபெடோரா, ஆல்மா வகை லினக்ஸ் என்றால் காரணம் எஸ்இ-லினக்ஸ் (ஃபைலின் லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் கூடுதல் காவல்) ஆக இருக்கலாம். எல்எஸ் மைனஸ் பெரிய இசட் போட்டு லேபிளைப் பார்த்து, ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். எஸ்இ-லினக்ஸையே அணைத்துவிடுவது தீர்வாகாது.

அறிகுறி: இன்று சரிசெய்தால் நாளை புது ஃபைல் மறுபடி தவறான குரூப்பில்

சிஎச்ஓனை தினமும் கிரானில் (நேரம் வைத்துத் தானாக ஓட்டும் வசதி) ஓட்டி இதைச் சமாளிக்கும் ஆபீஸ்கள் உண்டு. வேண்டாம். ஃபோல்டரில் செட்-ஜிஐடி பிட் இல்லாததுதான் காரணம். ஃபைண்ட் கட்டளையில் டைப் டி என்று ஃபோல்டர்களை மட்டும் பிடித்து, ஜி பிளஸ் எஸ் போடுங்கள். இனி உள்ளே பிறக்கும் ஃபைல் ஃபோல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்ளும். ஃபோல்டரில் உள்ள இந்த பிட்டை லினக்ஸ் சிஎச்ஓன் அழிக்காது. யுமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதியைக் குறைப்பது என்ற எண்) 022 ஆக இருந்தால் குரூப்புக்கு எழுதும் உரிமை வராது. 002 ஆக்குங்கள், அல்லது டீஃபால்ட் ஏசிஎல் கொடுங்கள்.

விண்டோஸ் இயந்திரங்கள் சாம்பா (விண்டோஸோடு ஃபைல் பகிரும் புரோகிராம்) வழியாக எழுதினால், அதன் கிரியேட் மாஸ்க் இயல்பாக 0744. குரூப்பின் எழுதும் உரிமை அங்கேயே வெட்டுப்படும். 0664 ஆக்கி, டைரக்டரி மாஸ்க்கை 2775 ஆக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சில ஃபைல் மட்டும் தவறினால், அவற்றை எம்வி (இடம் மாற்றல்) செய்தார்களா, சிபி (நகலெடுத்தல்) செய்தார்களா என்று கேளுங்கள். ஒரே டிஸ்க்குக்குள் எம்வி செய்தால் பழைய குரூப்பைத் தூக்கிக்கொண்டே வரும்.

அறிகுறி: பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண், அல்லது நோபடி

டிஸ்க்கில் எழுதப்படுவது எண் மட்டும்தான். பழைய சென்ட்ஓஎஸ் 6 இயந்திரத்தில் முதல் யூசர் 500. இன்றைய இயந்திரங்களில் 1000. பழைய டிஸ்க்கைச் செருகினால் 500 என்று தெரிவது அதனால்தான். சிஎச்ஓனுக்கு மைனஸ் மைனஸ் ஃப்ரம் 500 கொடுத்தால் அந்த எண்ணுடைய ஃபைல் மட்டும் மாறும், மற்றவை தப்பும்.

இரண்டு பேரின் எண் இடம் மாறிக் கிடந்தால் கவனம் தேவை. 1000-ஐ 1001 ஆக்கிவிட்டு, பிறகு 1001-ஐ 1000 ஆக்கினால் இருவருடைய ஃபைலும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும், பிரிக்கவே முடியாது. முதலில் 1000-ஐ யாருக்கும் இல்லாத 5000-க்கு அனுப்பி, 1001-ஐ 1000 ஆக்கி, கடைசியில் 5000-ஐ 1001 ஆக்குங்கள்.

என்எஃப்எஸ் 4-இல் எல்லாமே நோபடி என்றால் இரு பக்கமும் ஐடிமேப்டி (பெயரையும் எண்ணையும் பொருத்தும் புரோகிராம்) அமைப்பில் டொமைன் பெயர் ஒன்றா என்று பாருங்கள். 100999 போன்ற எண் தெரிந்தால் அது ரூட்லெஸ் (ரூட் அதிகாரமின்றி ஓடும்) கன்டெய்னருக்குள் 1000-ஆக இருந்தவர்; பாட்மேன் (கன்டெய்னர் ஓட்டும் புரோகிராம்) அன்ஷேர் வழியாக சிஎச்ஓன் போட வேண்டும்.

அறிகுறி: ஒரு ஃபோல்டரில் மாற்றியது இன்னொரு இடத்திலும் மாறிவிட்டது

சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறிப்பு) என்றால்: தனி ஃபைலுக்கு சிஎச்ஓன் போடும்போது லிங்க் காட்டும் ஃபைல்தான் மாறும். லிங்க் மட்டும் மாற மைனஸ் சின்ன எச் வேண்டும். மைனஸ் பெரிய ஆர் லிங்க்குக்குள் நுழையாது. பெரிய எல் சேர்த்தால் நுழைந்து வெளியே போய்விடும்.

ஹார்ட்லிங்க் (ஒரே ஐநோடுக்கு இன்னொரு பெயர்) இன்னும் ஆபத்தானது, கண்ணுக்கும் தெரியாது. ஆர்சிங்க்கின் லிங்க்-டெஸ்ட் முறையில் தினசரி பேக்கப் எடுக்கும் இடங்களில், மாறாத ஃபைல் எல்லா நாளுக்கும் ஒரே ஐநோடு. இன்றைய பேக்கப் ஃபோல்டரில் சிஎச்ஓன் போட்டால் முந்தைய நாள்களின் பேக்கப்பிலும் ஓனர் மாறிவிடும். அத்தோடு, மூலத்தின் ஓனரும் பேக்கப்பின் ஓனரும் பொருந்தாததால் அடுத்த இரவு ஆர்சிங்க் லிங்க் போடாமல் எல்லாவற்றையும் புதிதாக நகலெடுக்கும். காலையில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற போன் வரும். மூலத்தில் ஓனரை மாற்றினாலும் இதே கதி. இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அறிகுறி: ஃபைல்சிஸ்டமே நீங்கள் எழுதியது

ராமநாதபுரம், கீழக்கரை கல்லூரிப் பிள்ளைகள் ஃப்யூஸ் (கர்னலுக்கு வெளியே ஃபைல்சிஸ்டம் எழுதும் வசதி) வைத்து சிறு ஃபைல்சிஸ்டம் எழுதிப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் இங்கேதான் வருகின்றன. விரிவாகச் சொல்வது அவர்களுக்காக.

*குரூப்பை மட்டும் மாற்றினால் ஓனர் 4294967295 ஆகிறது.* மைனஸ் 1 (32 பிட்டில் அதுதான் 4294967295) வந்தால் அந்தப் புலத்தைத் தொடாதே என்று பொருள். அதை யுஐடி என்று நினைத்து எழுதிவிட்டீர்கள். இரண்டு புலத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். லோ-லெவல் இடைமுகத்தில் டு-செட் கொடிகளைப் பாருங்கள்.

*லிங்க்கை மாற்றச் சொன்னால் இலக்கு மாறுகிறது.* உள்ளே எல்சிஎச்ஓன் (லிங்க்கையே மாற்றும் அழைப்பு) அழைக்க வேண்டும். பாதையை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு பாதையாலேயே மாற்றினால், இடையில் யாராவது லிங்க்கை மாற்றி வைக்கலாம். திறந்த டிஸ்கிரிப்டரில் (திறந்த ஃபைலுக்குக் கர்னல் தரும் எண்) வேலை செய்யுங்கள்.

*யார் வேண்டுமானாலும் ஓனரை மாற்ற முடிகிறது.* உங்கள் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ரூட்டாக ஓடுகிறது, அலவ்-அதர் (மற்ற யூசர்களும் நுழையலாம்) கொடுத்திருக்கிறீர்கள், டீஃபால்ட்-பெர்மிஷன்ஸ் (அனுமதியைக் கர்னலே சோதிக்கட்டும்) கொடுக்கவில்லை. கேட்டவர் யார் என்று பார்க்காமல் ரூட்டின் கையால் செய்துகொடுக்கிறது. டீஃபால்ட்-பெர்மிஷன்ஸ் ஆப்ஷனைச் சேர்த்துவிடுங்கள், அல்லது கேட்பவரின் யுஐடியை எடுத்து நீங்களே சோதியுங்கள்.

*எஸ் பிட் அழியவில்லை.* இது பாதுகாப்பு ஓட்டை. ஒருவர் தன் ஃபைலில் செட்-யுஐடி போட்டு வைத்திருக்க, அது ரூட் பெயருக்கு மாறினால், அவர் எழுதியது ரூட்டாக ஓடும். நிர்வாகிக்குச் சொன்ன வரிசை இங்கே தலைகீழ்: ஃபைல்சிஸ்டம் கோடில் முதலில் பிட்டை அழித்து, அதன்பின் ஓனரை எழுதுங்கள். இரண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் எழுதினால் இன்னும் நல்லது. ஓனரை முதலில் எழுதி, அந்தக் கணத்தில் மின்சாரம் போனால், பிட் அழியாமல் டிஸ்க்கில் நின்றுவிடும். குரூப் எக்ஸ் இல்லாத ஃபைலின் செட்-ஜிஐடியையும் ஃபோல்டரின் பிட்டுகளையும் லினக்ஸ் அழிப்பதில்லை, நீங்களும் விட்டுவிடுங்கள்.

*இன்கிரிமென்டல் பேக்கப் ஓனர் மாற்றத்தைக் கவனிப்பதில்லை.* சிடைம் (ஃபைலின் விவரம் கடைசியாக மாறிய நேரம்) புதுப்பிக்க மறந்துவிட்டீர்கள்.

*பாதி மாறி, பாதி மாறாமல் நிற்கிறது.* சோதனை எல்லாம் முதலில், கோட்டா (ஒருவருக்கு ஒதுக்கிய டிஸ்க் இடம்) மாற்றம் அடுத்து, எழுதுவது கடைசியில். இந்த இடத்தில் கர்னல்காரர்களே தடுக்கியிருக்கிறார்கள். லினக்ஸ் 4.3.3 வரை ஓவர்லே-எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தின் செட்-ஏடிடிஆர் (ஓனர், அனுமதியை மாற்றும்) பகுதி தனித்தனி வேலைகளை ஒன்றாகச் சேர்க்கப் போய், சாதாரண யூசர் பெர்மிஷன் சோதனையைத் தாண்டும்படி ஆனது. சிவிஇ-2015-8660 என்ற பாதுகாப்பு ஓட்டை எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. உங்கள் கோடை பிஜேடி-எஃப்எஸ்டெஸ்ட் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பின் சிஎச்ஓன் பகுதியில் ஓட்டிப் பார்க்காமல் அடுத்தவர் டேட்டாவை அதில் வைக்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

டி-எம்இஎஸ்ஜியில் ஐ-ஓ எரர் தெரிந்து வேறு நகல் இல்லாதபோது. சிஸ்டம் ஃபோல்டர்களின் ஓனர் மாறி இயந்திரம் பூட் ஆகாதபோது. இரண்டு பேரின் ஃபைல்கள் ஒரே எண்ணில் கலந்துவிட்டபோது. நீங்கள் போடாத செட்-யுஐடி ஃபைல் ஒன்று ரூட் பெயரில் கண்ணில் பட்டபோது. இந்தக் கடைசி நிலை என்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அழையுங்கள், ஃபைலை அழிக்காதீர்கள். வருபவர் பார்க்க வேண்டிய தடயம் அது.

அழைக்கும்போது எல்எஸ் மைனஸ் எல்என், ஃபைண்ட்எம்என்டி, டி-எம்இஎஸ்ஜி கடைசி ஐம்பது வரி, கடைசியாகத் தட்டிய கட்டளைகளைக் காட்டும் ஹிஸ்டரி ஆகியவற்றைப் படம் பிடித்து அனுப்புங்கள். கட்டளை யார் தட்டியது என்பது யாருக்கும் வேண்டாம். எந்த ஃபோல்டரில் நின்று தட்டியது என்பது மட்டும் தெரிய வேண்டும்.